காசு ஆடிய ஆட்டத்துக்கு ஒரு குதிரை

வரிசையில் எவ்வளவு நேரம் நின்றாய் என்று நான் எந்த லாரியையும் கேட்டதில்லை. 2006இல் ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எடைமேடை குமாஸ்தாவாக இருந்தேன். சுண்ணாம்புக்கல் லாரி மேடையேறும். எண்கள் நடுங்கி நிற்கும். என்ன பாரமோ அதுதான் சீட்டு. நியாயம் என்பதை அந்த மேடையில்தான் கற்றேன். அதனால்தான் குதிரை விஷயத்தில் அப்படிக் கொதித்தது. இப்போதும் கொதிக்கிறது. கம்ப்யூட்டருக்குள் இருந்த குதிரைதானே என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம்.

வேலை முடிந்ததும் புருவத்துத் தூசியோடு அரியலூர் பஸ் ஏறுவேன். பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம். பல ஊர்க்காரர்கள் இணையத்தில் சேர்ந்து ஆடும் கோட்டைச் சண்டை அது. எங்கள் கூட்டத்தில் பன்னிரண்டு பேர். தலைவர் பெரம்பலூர்க்காரர், வீட்டிலேயே கம்ப்யூட்டர், நாள் முழுக்க ஆட்டம். நான் வைத்தியன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலச் சண்டையில் கோட்டை வாசலில் நின்று, அடிபட்டவர்களுக்கெல்லாம் மருந்து போட்டு உயிரைப் பிடித்துவைப்பது என் வேலை. "வைத்தியன் இல்லன்னா நாம காலி" என்று தலைவரே எழுதுவார்.

அப்புறம் அந்த அறிவிப்பு வந்தது. ஒரு மாதத்தில் ஆற்றுக்கு அப்பால் புது நாடு திறக்கிறார்கள். குதிரை உள்ளவன்தான் ஆற்றைக் கடக்க முடியும். இருபத்தொரு நாள் விடாமல் உள்ளே வருகிறவனுக்குக் கருங்குதிரை. ஒரு நாள் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. வந்து என்ன செய்தாய், யாரைக் காப்பாற்றினாய், கேள்வியே இல்லை. தலையைக் காட்டினாயா? போதும். குதிரை இல்லையென்றால் கூட்டம் என்னை இக்கரையில் விட்டுவிட்டுப் போய்விடும். என் நாளில் லாரிகளுக்குச் சொந்தமில்லாத ஒரே அரை மணி நேரமும் போய்விடும்.

பத்தொன்பது நாள் போனேன். மழையில் ஒரு நாள், காய்ச்சலில் ஒரு நாள். பஸ் நிற்காமல் போன அன்று கல் லாரியில் தொற்றிக்கொண்டு.

இருபதாம் நாள் ஆயுத பூசை. ஐந்து மானிட்டருக்கும் நெற்றி நிறையச் சந்தனம், குங்குமம். கீபோர்டின் மேல் சாமந்தி. சென்டர் நடத்திய அக்கா பொரிப் பொட்டலத்தை நீட்டினார்.

"அக்கா, ஒரே ஒரு நிமிசம். போட்டுட்டு உடனே அணைச்சிடறேன்."

"சந்தனமே இன்னும் காயல, அதுக்குள்ள சுவிச்ச போடணுமா? பூசையில வெச்சத இன்னிக்குத் தொடக்கூடாதுப்பா. வருசத்துல ஒரு நாளு அதுவும் தூங்கட்டுமே. பொரிய தின்னுட்டுப் போ."

டவுனில் இருந்த இன்னொரு சென்டரும் பூட்டிக் கிடந்தது, வாசலில் வாழைக்கன்றோடு. ஒரு ரூபாய் போனில் தலைவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, பாஸ்வேர்டு சொல்றேன். என் பேர்ல உள்ள போயிட்டு வெளிய வந்துடுங்க, போதும்."

"தப்பு தம்பி. ஆட்டத்துல ஒரு நேர்ம வேணாமா?"

"நீங்க குடும்பத்தோட சமயபுரம் போனப்ப ஒங்க ஆளு நாள் பூரா நடந்துகிட்டே இருந்தானே. கீ அமுங்கியே கெடக்க கீபோர்டுல அஞ்சு ரூபா காச சொருகிட்டுப் போனேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது என் மிசினு, என் கரண்டு. நீ எப்பவாச்சும் வர்ற ஆளு. நாங்க இங்கயே கெடையா கெடக்குறோம். ரெண்டும் ஒண்ணாயிடுமா?"

ஒன்றாகாதுதான். கண் எரிய உட்கார்ந்து ஆடுகிறவனுக்குக் கூடக் கிடைக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் காசு ஆடிய ஆட்டத்துக்கு எதற்குக் குதிரை? ஆலைக்கு விற்றது போக மிஞ்சிய அரை மணி நேரத்தை முழுசாகக் கொண்டுவந்து கொட்டியவன் எப்படி "எப்பவாச்சும் வர்ற ஆளு" ஆனான்?

மறுநாள் திறந்தேன். நாள்: ஒன்று.

ஆற்றைக் கடக்கும் முன் கடைசிச் சண்டை அந்த ஞாயிறு. தலைவர் கருங்குதிரையில் முன்னால் வந்தார். நான் வாசலில், கால்நடையாக. அம்புகள் கொட்டின. விழுந்த பத்துப் பேருக்கும் விரல் வலிக்க மருந்து போட்டேன். ஒருவருக்கு மட்டும் போடவில்லை.

திரையில் தலைவரின் எழுத்துகள் ஓடின. "வைத்தியரே! எங்க போயிட்ட?"

"இங்கதான்ணே இருக்கேன்."

"உசுரு போவுதுய்யா, மருந்து போடு!"

"ஆஜர் ஆயிட்டேன்ணே. அது போதும்தானே?"

கூட்டத்தில் யாரோ ஒருவன் சிரிப்புக் குறி ஒன்றைப் போட்டான். தலைவர் விழுந்தார். குதிரை ஆளில்லாமல் வாசலில் நின்றது. அதன் மேல் எனக்குக் கோபமில்லை. "தம்பி, டைம் ஆயிடுச்சு" என்றார் அக்கா. மானிட்டர் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிவிட்டு எழுந்தேன்.