முகத்துவாரம் வெட்டிய அன்று

படகுத் தொழிலில் இருந்துகொண்டு, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் அரை நாள் சேற்றில் உட்கார்ந்திருந்தவன் நான். தனியாக உட்கார்ந்திருந்தால் யாருக்கும் சொல்லாமல் விட்டிருப்பேன். விடுமுறையைக் கொண்டாட வந்த நான்கு பேரையும் கூட உட்கார வைத்துவிட்டேன். இதில் விசேஷம், அதற்கு முந்தின வாரம்தான் படகுக் கொட்டகை வாசலில் என் கையாலேயே ஒரு பலகை எழுதி வைத்திருந்தேன்: 'துடுப்பு போட வேண்டாம். ஆறே அழைத்துச் செல்லும்.' ஆறு அழைத்துச் சென்றது உண்மை. பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விடும் என்பதை எழுதப் பலகையில் இடமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கயாக் கைடு ஆனது

திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். தொழிற்சாலை ஆளைக் குறைத்தபோது முதலில் குறைந்தவன் நான். அதன்பின் பனித்திட்டுப் பக்கம் கழிவெளி என்கிற கடலோர உப்பங்கழிக் கரையில் குமரேசன் என்பவர் நடத்தும் கயாக் கொட்டகையில் சேர்ந்தேன். கயாக் என்றால் ப்ளாஸ்டிக்கில் செய்த ஒல்லிப் படகு. ஒருவர் உட்கார்ந்தால் சிங்கிள், இருவர் உட்கார்ந்தால் டபுள். என் தகுதிகள் இரண்டு: நீச்சல் தெரியும், கடல், படகு, காற்று, அலை பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். குமரேசன் முதல் தகுதியை மட்டும்தான் கேட்டார். இரண்டாவதை நானே சொன்னேன், அவர் கேட்காமலே, பலமுறை.

எங்கள் கழிவெளியின் குணம் ஒன்று. வெயில் காலத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். பிறகு அது குளம்தான். ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறி, வயலுக்குள் புகப் பார்க்கும். அப்போது ஊர் கூடி, ஒரு நாள் குறித்து, ஜேசிபி வைத்து மணலை வெட்டித் திறந்துவிடுவார்கள். அடைபட்ட தண்ணீர் மொத்தமும் கடலைப் பார்த்து ஓடும்.

அந்த ஓட்டத்தில்தான் என் மூளை வேலை செய்தது. உள்ளே அலையாத்திக் காட்டில் கயாக்கோடு காத்திருந்தால், வெட்டியதும் ஓட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு வரும். முகத்துவாரத்துக்கு வெகு முன்னாலேயே பாலத்தடியில் கரையேறிவிடலாம். குமரேசனிடம் சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்குது சார்," என்றார் அவர். "ஆனா தண்ணி ஓடுனா, ஓடிப் போயிடுமே?"

எதையும் எளிமையாகப் பார்க்கிற மனிதர் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள்

முன்பதிவு செய்தவள் வில்லியனூர்ப் பெண் வினோதினி. வங்கியில் வேலை. அவளும் பாகூர்க்காரன் பிரகாஷும் ஒருவரையொருவர் விரும்பி, அதை வீட்டில் சொல்லி, பெண் பார்க்கும் படலம் வரை கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். நின்றது நின்றபடி இருந்தது. பிரகாஷின் அம்மா கலாவதி, பாகூரில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம், பெண் வீட்டுக்கு இரண்டு முறை வந்தும் ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை. சம்மதம் என்று முடிவாகும் வரை அந்த வீட்டில் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பெண்ணின் அம்மா சரோஜா இரண்டு முறையும் சமைத்த கேசரியைத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாம் முறை வருவதற்கு அவர்களும் தயாரில்லை, வரச் சொல்ல இவர்களும் தயாரில்லை.

"அதான் சார், யார் வூடாவும் இல்லாத எடத்துல ஒரு நாள் சும்மா சிரிச்சி வெளையாடட்டும்னு பாக்குறேன்," என்றாள் வினோதினி போனில். "இதுல சரியா வரலன்னா இத்தோட முடிஞ்சிது. உங்ககிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு அம்மாவையும் வேற வேற போட்ல போடுங்க. யாருக்கும் எதுவும் தின்னக் குடுக்காதீங்க."

"கவலைப்படாதம்மா. இது என் பொறுப்பு."

இந்த வாக்கியத்தைத் தொழிலில் இருப்பவர்கள் யாரும் போனில் சொல்ல வேண்டாம்.

முகத்துவாரம் வெட்டும் நாளன்று காலை கலாவதியம்மாளையும் மகனையும் ஒரு டபுளில் உட்கார வைத்தேன். சரோஜாவையும் வினோதினியையும் இன்னொன்றில். எனக்கு ஒரு சிங்கிள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டினேன். கலாவதி பட்டுப்புடவைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு, கோபுரத்துப் பொம்மை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். சரோஜாவின் படகு முன்பக்கம் அமுங்கி நின்றது. எடை அங்கே எப்படிக் கூடியது என்று பார்த்தேன். முன்னால் கட்டியிருந்த பையைத் தொட்டதும் உள்ளே ஏதோ டங்கென்றது.

"துணிதான் சார்," என்றார் சரோஜா, என் முகத்தைப் பார்க்காமல்.

ஓட்டம்

அலையாத்திக் காட்டுக்குள் போனதுமே எல்லோருக்கும் குரல் இறங்கிவிட்டது. தண்ணீர் கிளை வரை ஏறி நின்றது. தலைக்கு மேல் இலைக் கூரை, அடியில் அதே கூரை தலைகீழாக. நான் ஒரு மீன்கொத்தியைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். அது பறந்து போன பிறகும் விளக்கினேன்.

அப்போது வினோதினி, "சார், நம்ம போட் தானா போவுது," என்றாள்.

போனது. முதலில் மெதுவாக, மாட்டு வண்டி கிளம்புகிற மாதிரி. பிறகு வேர்கள் பின்னால் ஓட ஆரம்பித்தன. முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் அடியில் கைகொடுத்துத் தள்ளியது. வளைவுகளில் படகின் வால் வழுக்கித் திரும்பியது. சின்ன மீன்கள் துள்ளி மடியில் விழுந்தன. ஒரு மீன் சரோஜாவின் லைஃப் ஜாக்கெட்டுக்குள் போய்விட, அவர் உடம்பை நெளித்த நெளிப்பில் படகே ஆடியது. அதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த கலாவதியின் மூக்கில் ஒரு கிளை தட்டியது. அவ்வளவுதான், அந்த அம்மாள் அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமும் உடைத்துக்கொண்டது.

"டேய் பிரகாசு, புடிடா, நிறுத்துடா... ஐயோ, நிறுத்தாதடா, போவட்டும்!"

நானும் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிக் கூவினேன். நாற்பத்தெட்டு வயது ஆள் கூவக்கூடிய கூவல் அல்ல. என் வாழ்க்கையில் எழுதிய ஒரே பலகை உண்மையாகிவிட்டது.

அடுத்த வளைவில் வாய்க்காலின் நடுவே ஒரு மேடு இருந்தது. தண்ணீர் நிறைந்திருந்த மாதங்களில் அதன் மேல் நூறு முறை போயிருக்கிறேன். அது அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. கலாவதியின் படகு அதில் ஏறி நின்றது. சரோஜாவின் படகு வந்து பக்கத்தில் ஒட்டி நின்றது. நான் பின்னால் வந்து இரண்டுக்கும் முட்டுக்கொடுத்து நின்றேன். எங்களைச் சுற்றி மிச்சத் தண்ணீர் அவசரமாகக் கிளம்பிப் போயிற்று, கூட்டம் முடிந்ததும் பந்தலைக் காலி செய்கிற மாதிரி. ஐந்து பேர், மூன்று படகு, பளபளவென்று சேறு. சேற்றில் நண்டுகள் வெளியே வந்து எங்களைப் பார்த்தன.

வேறு வேறு படகில் இருக்க வேண்டிய இரண்டு அம்மாக்களும் முழங்கை இடிக்கும் தூரத்தில் இருந்தார்கள்.

சேற்றில் சட்டம்

காலை வைத்துப் பார்த்தேன். தொடை வரை போயிற்று. செருப்பு இன்றும் அங்கேதான் இருக்கிறது. குமரேசனுக்குப் போன் செய்தேன்.

"தண்ணி போயிடிச்சா சார்?" என்றார், வானிலை கேட்கிற குரலில். "ஊரே வலையோட முகத்துவாரத்துல நிக்குது. மீன் வர்ற நேரத்துல ஒருத்தனும் உள்ள வரமாட்டான். வாய் தொறந்துட்டாங்க இல்ல, சாயங்காலம் ஏத்தத்துக்குக் கடல் தண்ணி ஏறும். அப்ப மெதந்து வந்துடுங்க. நண்டு கடிக்கும், கைய உள்ளார வெச்சிக்குங்க."

சேதியைச் சொன்னேன். வெயில் நேராக வந்தது. பிரகாஷின் வயிறு ஒரு சத்தம் போட்டது. அந்த அமைதியில் அது அறிக்கை மாதிரி கேட்டது.

சரோஜா பையைப் பிரித்தார். துணி என்று சொன்னது நாலடுக்கு டிபன் கேரியராக வெளியே வந்தது.

"அம்மா, எடுத்தாராதன்னு சொன்னேன் இல்ல," என்றாள் வினோதினி.

"வெளியூரு போறப்ப சோறு கட்டாம யாருடி போவாங்க?"

புளிச்சோறு. அதன்மேல் அடுக்கில் நெத்திலி வறுவல். அந்த வாசனை சேற்று வாசனையை ஒரே தள்ளாகத் தள்ளியது. சரோஜா மூடியில் சோறு வைத்து முதலில் எனக்கு நீட்டினார். நான் யார் வீட்டுச் சம்பந்தமும் இல்லாதவன், வாங்கிக்கொண்டேன். அடுத்து பிரகாஷுக்கு நீட்டினார். அவன் அம்மாவின் முதுகைப் பார்த்து, "பசிக்கல அத்தை," என்றான். அவன் வயிறு மறுத்தது.

கலாவதி ஒரு நண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தாங்க, நீங்களும் ரெண்டு வாய்," என்றார் சரோஜா.

"வேணாங்க. நான் இன்னும் எதுவும் முடிவு சொல்லல."

"முடிவெல்லாம் கரைக்கிப் போயி சொல்லுங்க. இது இன்னா எங்க வூடா? சேறுதானே."

"எடம் சேறு. சோறு உங்க வூட்டு சோறுதானே?"

இங்கே நான் தலையிட்டேன். தலையிட வேண்டிய தேவையே இல்லை. கடலும் கழிமுகமும் யாருக்கும் சொந்தமில்லை என்று நான் படித்ததைச் சொன்னேன். இந்தச் சாப்பாட்டைக் கொட்டகைச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் எந்த வீட்டுக்கும் கட்டுப்பட்டதாகாது என்றும் சொன்னேன். இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"எங்க சோத்த உன் கொட்டாய்ச் சோறுங்கறியா?" என்றார் சரோஜா.

"ஏன்பா, தண்ணி இருக்குதா இல்லியான்னு தெரியாத ஆளு நீ," என்றார் கலாவதி. "நீ சட்டம் பேசற? யம்மா, அவருக்கு இன்னும் கொஞ்சம் வையுங்க, வாய மூடிக்கினு இருக்கட்டும்."

வைத்தார்கள். மூடிக்கொண்டேன். நெத்திலி மொறுமொறுவென்று இருந்தது.

கொஞ்ச நேரம் போயிற்று. கலாவதி நண்டை விட்டுவிட்டுப் பக்கத்துப் படகைப் பார்த்தார். கேரியர் சரோஜாவின் மடியில் அப்படியே இருந்தது. அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"நீங்க ஏன் சாப்பிடல?"

"இருக்கட்டும்."

"சக்கரையா உங்களுக்கு? மாத்தர போட்டுட்டு வந்தீங்களா?"

"போட்டேன்."

"மாத்தர போட்டுட்டு இந்த வெயில்ல சாப்பிடாம ஒக்காந்திருந்தா மயக்கம் வருமே. சாப்பிடுங்க மொதல்ல."

"நீங்க பசியோட பக்கத்துல ஒக்காந்திருக்கும்போது எனக்கு எப்டிங்க எறங்கும்?" என்றார் சரோஜா. கோபமே இல்லாமல் சொன்னார். "ரெண்டு தபா எங்க வூட்டுக்கு வந்தீங்க. ரெண்டு தபாவும் நீங்க போனப்பறம் நான் சாப்பிடல."

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். வினோதினி பின்னால் துடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். போகாத படகில் எதற்கு அந்தப் பிடி என்று எனக்குத் தெரிந்தது.

கலாவதி தண்ணீர் பாட்டிலை எடுத்தார். வலது கையைச் சேற்றின் பக்கம் நீட்டிக் கழுவினார். கேரியருக்குள் கையை விட்டு ஒரு வாய் அள்ளிப் போட்டு, மென்று, விழுங்கினார். எல்லோரும் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"புளி கொஞ்சம் தூக்கல்," என்றார். "சாப்பிடுங்க அண்ணி."

பிரகாஷ் கூவிய கூவலில் கொக்குகள் எழுந்து பறந்தன. வினோதினி அழுதுகொண்டே சிரித்தாள், எழுந்து நிற்கப் பார்த்துச் சேற்றில் விழுந்தாள், அவளைத் தூக்கப் போய் அவனும் விழுந்தான். இரண்டு அம்மாக்களும் அடுக்கை நடுவில் வைத்துக்கொண்டு, மிச்ச நேரம் முழுக்க எந்தச் சமையல்காரர், எந்த மண்டபம் என்று பேசினார்கள். இடையிடையே என்னைத் திட்டினார்கள். அதிலும் ஒற்றுமை இருந்தது.

சாயங்காலம் கடல் தண்ணீர் வந்தது. முதலில் நண்டு வளைகளில் குமிழி, பிறகு வேரில் ஈரம், பிறகு படகுக்கு அடியில் ஒரு சின்ன அசைவு. நாங்கள் மிதந்தோம். சேறு பூசிய ஐந்து பேரும் பாட்டுப் பாடிக்கொண்டே கரைக்கு வந்தோம்.

இளம் கைடுகளுக்கு

பலகையை அன்றே கழற்றிவிட்டேன். கயாக் ஓட்ட வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: தண்ணீர் நிறைந்திருக்கும்போது தரையை யோசியுங்கள். வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பையில் துணி என்று யாராவது சொன்னால், கூடுமானவரை நம்பிவிடுங்கள்.

கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது. முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். இந்தச் சம்பந்தத்தை நடத்தி வைத்தவர் என்று நாலு பேர் முன்னால் சொல்வார்கள் என எதிர்பார்த்து, சட்டையைக்கூட இஸ்திரி போட்டிருந்தேன். கலாவதியின் நாத்தனார் என்னைக் காட்டி, "யாரு இவரு?" என்று கேட்டார்.

"அன்னிக்கி சேத்துல மாட்டுனோம்னு சொன்னனே," என்றார் கலாவதி, என் இலையில் சோறு வைக்கச் சொல்லிக் கைகாட்டியபடியே. "நெத்திலிய முக்காவாசி தின்னுட்டாருன்னு சொன்னன் பாரு, அவருதான்."