மூன்று நீலப் பூக்கள்

மரச்சீனிக் கிழங்கை, மரவள்ளியை, குறுக்கே வெட்டியதும் பால் கசிந்து பச்சை வாசனை எழுந்தது. மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது. ஊருக்குச் சொல்ல அட்டை செய்கிறேன். "ரெண்டாவதும் பெண்ணுதானே, கார்டு எதுக்கு?" என்று சம்பந்தியம்மா காலையில்தான் போனில் கேட்டாள்.

நான் பிறந்த ஊரான குன்னத்துகாலில், என் எட்டு வயதில், கடைசித் தங்கை பிறந்தபோதும் இதே வாசனைதான். அம்மா கட்டிலில் உட்கார்ந்து கிழங்கில் பிளேடால் பூ செதுக்கினாள். துணியால் பாலை ஒற்றி, சொட்டு நீலத்தில் முக்கி, அட்டைகளில் குத்தினாள். ஒவ்வொன்றிலும் மூன்று பூக்கள்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வாசலில் நின்று சிரித்தார். "மூணாவதும் பெண்ணு. இதை ஊரறியச் சொல்லணுமா அக்கா? சொன்னாலும் ஒரு பூ போதாதா?"

"மூத்தவளுக்கும் ரெண்டாமத்தவளுக்கும் கார்டு அடிக்க நீங்க யாராவது விட்டியளா? இது மூணு பேருக்கும் சேத்தாக்கும். எலே, முதல் கார்டு உனக்கு. பிடி."

மாமா கை நீட்டி வாங்கிக்கொண்டார். நான் பிறந்த செய்தி எட்டு வருடம் கழித்து ஊருக்குப் போனது.

மூத்த பேத்தி பிறந்தபோது சம்பந்தியம்மாவுக்குப் பயந்து நான் அட்டை செய்யாமல் வாயை மூடிக்கொண்டேன். இன்று ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு பூக்கள் குத்தினேன். முதல் அட்டையில் சம்பந்தியம்மாவின் விலாசத்தை எழுதினேன்.