அழிந்தவுடன், அழிந்தால்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவளுக்கு வேலை. கல்யாணம் முறிந்து இரண்டு பெட்டிகளோடு தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றபோது, என்ன ஏது என்று கேட்காமல் பெட்டிகளை வாங்கி உள்ளே வைத்தான் தம்பி. வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். அவன் மனைவி முகம் சுளிக்கவில்லை, மலரவும் இல்லை.

வேலை முடிந்து வந்தால் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி அவளைக் கார்டு கடைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"நான் அங்க வந்து என்னடா பண்ணப் போறேன்? சின்னப் பசங்க விளையாட்டு."

"சின்னப் பசங்களா? வந்து பாரு. பாதிப் பேருக்குத் தலையில முடியே இல்ல."

மிருகப் படம் போட்ட கார்டுகள். அவரவர் சேர்த்துவைத்த கட்டோடு வந்து எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவார்கள். எந்தக் கார்டு என்ன செய்யும் என்று படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். அவளுக்கு ஆட்டம் பிடிக்கவில்லை. பொடி எழுத்து பிடித்துவிட்டது. அச்சில் வார்த்தது போலிருக்கும் இரண்டு கார்டுகளில் ஒன்று 'கார்டு எடு' என்னும். மற்றது 'எடுக்கலாம்' என்னும். கட்டு தீர்ந்துபோனால் தோல்வி என்பது விதி. 'எடு' என்றிருந்த ஒரே காரணத்தால், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் தன் கடைசிக் கார்டை எடுத்துத் தோற்றுப்போன ஒரு மனிதரை முதல் நாளே பார்த்தாள். இன்னொரு ஜோடியில், 'எதிராளியின் மிருகம் ஒன்றை அழி' என்று ஒரு கார்டு. 'மிருகம் ஒன்றை அழி' என்று மற்றொன்று. எதிரே மிருகம் இல்லாவிட்டால் பின்னது சொந்த மிருகத்தையே தின்றுவிடும்.

விதிப் புத்தகத்தை வரி விடாமல் படித்தாள். தகராறு வரும்போதெல்லாம் கடைக்காரர் அவளைக் கேட்க ஆரம்பித்து, கடைசியில் நடுவர் என்று எழுதிய சட்டையையே கொடுத்துவிட்டார். அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. புருஷன் வீட்டில் ஜன்னலைத் திறக்கலாமா என்றுகூட யாரும் அவளைக் கேட்டதில்லை.

அந்த வருடம் கடையில் நடந்த போட்டியில் தம்பி கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டான். ஜெயித்தால் தலைநகரில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். எதிரே ஒரு பல் டாக்டர்.

"இதுக்கு நான் நடுவரா இருக்கக் கூடாது" என்றாள் கடைக்காரரிடம்.

"வேற யாரு இருக்கா? உங்க மேல யாருக்கு சந்தேகம் வரப்போகுது?"

டாக்டர் 'புயல்' என்ற கார்டைப் போட்டுத் தம்பியின் செந்நரியை அழித்துவிட்டு, தன் கட்டிலிருந்து ஒரு கார்டு எடுத்துக்கொண்டார். தம்பி சிரித்தான். செந்நரி செத்தால் கட்டிலிருந்து இன்னொரு நரியை இறக்கலாம். அது இறங்கினால் ஆட்டம் முடிந்தது. அவன் கட்டில் கை வைத்ததும் டாக்டர் கையைத் தூக்கினார். "நடுவர்."

"அக்கா, சொல்லு இவர்கிட்ட. சாம்பல் நரி செத்தப்போ இன்னொரு நரியை இறக்க எத்தனை தடவை நீயே விட்டிருக்க."

அவள் செந்நரியையும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த ஒரு சாம்பல் நரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பார்க்காமலே அவளுக்குத் தெரியும். நேரம் எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"சாம்பல் நரியில 'அழிந்தால்'னு இருக்கு. எப்படி அழிஞ்சாலும் செல்லும். செந்நரியில 'அழிந்தவுடன்'னு இருக்கு. அழிஞ்சதுதான் கடைசியா நடந்ததா இருக்கணும். புயல் என்ன சொல்லுது? அழி, பிறகு ஒரு கார்டு எடு. கடைசியா நடந்தது கார்டு எடுத்தது. நேரம் தாண்டிப்போச்சு. நரி இறங்காது."

"ரெண்டும் நரிதானேக்கா. நிறம்தானே வேற?"

"எழுத்தும் வேற."

தம்பி தோற்றான். "சொந்தத் தம்பின்னுகூடப் பார்க்கல, பாரு" என்று யாரோ சொல்ல, சிலர் கைதட்டினார்கள். அது அவளுக்கு இனித்தது. வெளியே வந்து பார்த்தால் தம்பியின் வண்டி இல்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள்.

"ஊரு கைதட்டிச்சாமே" என்றாள் தம்பி மனைவி. "இடம் குடுத்தவன் தலை குனிஞ்சு வந்து படுத்திருக்கான்." தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை. அடுத்த மாதம் அவள் கண்ணாடிக் கடைக்குப் பின்தெருவில் ஒற்றை அறை பார்த்துக்கொண்டு போனபோது, பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கொடுத்தான்.

மழைக்காலத்தில் கார்டு நிறுவனம் ஓர் அறிவிப்பு போட்டது. இரண்டு நரிகளையும் வெவ்வேறு வருடங்களில் வெவ்வேறு ஆட்கள் எழுதினார்களாம். அதனால் சொல் மாறிவிட்டதாம். வேறு நோக்கம் எதுவும் இல்லையாம். இனி செந்நரியையும் 'அழிந்தால்' என்றே படிக்க வேண்டும். அவள் மெஷினை நிறுத்திவிட்டு போனில் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். யாரோ ஒருவர் அசதியில் எழுதிய சொல். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வீட்டைத் தொலைத்திருக்கிறாள்.

புதிதாக அச்சான செந்நரி ஒன்றை வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் வாங்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தான்.

"என் கார்டுக் கட்டெல்லாம் குடுத்துட்டேன்க்கா."

"அவங்க எழுதினதுதான் தப்பாம்டா. உன் நரி இறங்கியிருக்கணும்."

"அன்னிக்கு இருந்த எழுத்துப்படி நீ சொன்னது சரி. எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏண்டா இத்தனை மாசம்...?"

தம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான். "தெரியாமலா உன்னைச் சொல்லச் சொன்னேன்? எனக்காக நீ ஒரு தடவை தப்பா சொல்லுவேன்னு நினைச்சேன்."

அடுக்களையில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. அவள் செந்நரியை மேஜைமேலேயே விட்டுவிட்டு எழுந்தாள். இரு என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் கார்டு கடைக்குப் போகவில்லை. கடைக்காரர் சில தடவை போன் செய்து பார்த்துவிட்டு வேறொருவரை நடுவராக வைத்துக்கொண்டார். தம்பியோடு பேச்சு அறுந்துபோகவில்லை. எப்போதாவது கூப்பிடுகிறான்; உடம்பு எப்படி, அங்கே மழையா என்ற அளவில் போகிறது. அவன் எதைக் கேட்டாலும் அவள் சட்டென்று பதில் சொல்வதில்லை. எதைச் சொன்னால் அவனுக்குப் பிடிக்கும் என்று யோசித்து, அதைச் சொல்கிறாள்.