முதல் குவளை

சிங்கப்பூர் தேக்காவிலிருந்து தண்ணீர் டின்களோடு கிளம்பிய லாரி, ஈசூன் பக்கம் அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடுகளின் முன் நிற்கிறது. வேலிக்கு அப்பால் பிரிட்டிஷ் படை காலி செய்துவிட்டுப் போன முகாம். அங்கே புதைத்த பீப்பாய்கள் கசிந்து, இங்கே கிணற்று நீரில் எண்ணெய் மினுங்குகிறது. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். மாதா கோயில் சங்கத்து ஸ்டெல்லாதான் வாரம் இருமுறை நல்ல தண்ணீர் கொண்டுவருகிறார். இன்று அவரோடு லாரியில் நானும் வந்திருக்கிறேன்.

வாளிகளோடு வரிசை நிற்கிறது. முதல் குவளையை ஸ்டெல்லா என்னிடம் நீட்டுகிறார். ஊர் சுற்ற வந்தவன் முந்திக்கொள்வதா?

"முதல்ல அவங்க குடிக்கட்டும்," என்று கையை விலக்குகிறேன்.

முன்னால் நின்ற மலாய் அம்மா தன் வாளியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்.

"ஐயோ சார், குடிங்க லா!" ஸ்டெல்லா பதறுகிறார். "கொண்டு வர்றவங்க குடிச்சாத்தான் இவங்க தொடுவாங்க. அந்தக் கிணத்தையும் நல்ல தண்ணின்னு முகாம்காரங்க சொல்லித்தானே குடிக்க வச்சாங்க!"

என் மரியாதையில் இடி விழ. ஒரே மூச்சில் குடிக்கிறேன், சட்டை நனைகிறது. வரிசையில் சிரிப்பு கிளம்புகிறது. மலாய் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குவளையை வாங்கி, தானே இன்னொரு டின்னிலிருந்து நிரப்பி, மறுபடி நீட்டுகிறார்.

நான் அதையும் குடித்த பிறகுதான் அவர் வாளி முன்னுக்கு வருகிறது.