தகப்பன் கையொப்பம்

நான் என் மகளிடம் பொய் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். அதனால் என் மனைவி தேவகி, அமெரிக்காவில் இருக்கும் தன் ஒரே அண்ணனிடம் போய்ச் சேரவில்லை.

அந்த அண்ணன் எங்களுக்காகக் குடியேற்ற விசாவுக்கு மனுப் போட்டபோது எங்கள் மலர் நடை பழகிக்கொண்டிருந்தாள். எங்கள் முறை வந்தபோது அவளுக்கு இருபது வயது.

மலேசியாவில், இந்தக் கிள்ளானில், எங்கள் வழக்கம் இது. முதலில் அரசாங்கப் பதிவு. கோயிலில் தாலி ஏறுவது மாதங்கள் கழித்து. அதுவரை பெண் பெற்றோர் வீட்டில்தான். கல்யாணமானவள் என்று அவளை யாரும் சொல்வதில்லை.

மலர் விரும்பிய சுரேனின் வீட்டார், பதிவை உடனே முடித்துவிடலாம் என்றார்கள். அவள் என்னிடம்தான் கேட்டாள்.

"அப்பா, இப்ப ரெஜிஸ்டர் பண்ணா விசாவுக்கு ப்ராப்ளம் வருமா?"

"அது வெறும் பேப்பர்மா. தாலி கட்டினாத்தான் கல்யாணம்."

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ் நாளிதழில் முப்பது ஆண்டுகள் பிழை திருத்தியவன் நான்! விசா விதிகளை மூன்று முறை படித்திருந்தேன். மணமாகாத பிள்ளைதான் பெற்றோருடன் போகலாம். சட்டத்தின் கண்ணில் பதிவே மணம். மகள் வராவிட்டால் தேவகியும் போகமாட்டாள். அதுவும் தெரியும்...

இருபத்தொன்று நிரம்பாத பெண்ணின் பதிவுக்குத் தகப்பனின் சம்மதம் வேண்டும். கையொப்பமிட்டேன்.

ஏன் செய்தேன்? பயம். ஐம்பத்தெட்டு வயதில், தமிழைத் தவிர வேறு தொழில் தெரியாதவன் அங்கே யார்? காப்பார் சந்தையில் மீன்காரரிடம் தேவகி மூன்று மொழிகளில் பேரம் பேச, பின்னால் பையோடு நிற்பவன் நான். அந்த இடத்தை விட மனமில்லை. இதை அன்பு என்று சொல்லிப் பார்த்தேன்... நீங்கள் நம்புவீர்களா?

விசா நேர்காணலுக்கு முன், மாறிய விவரங்களைத் திருத்தச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. மலரின் பெயருக்கு எதிரே 'மணமானவர்' என்று திருத்தினேன். அங்கே மட்டும் உண்மை! மலரைச் சேர்க்க முடியாது என்று பதில் வந்தது.

மலர் அழுதாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஊர்ல உள்ளவன் தப்பையெல்லாம் புடிப்பீங்க. இத விட்டுட்டீங்களே லா!"

"அப்பாவ ஒண்ணும் சொல்லாத. அவருக்கு எப்படித் தெரியும்? புள்ளைய விட்டுட்டு நான் மட்டும் எங்க போறது..." என்றாள் தேவகி. நேர்காணலுக்கு நாங்கள் போகவில்லை.

அறியாமல் நேர்ந்த தவறு என்றே இருவரும் நம்புகிறார்கள். நான் திருத்தவில்லை!

போன வாரம் அண்ணன் காணொலியில் அழைத்தார். முகம் வற்றியிருந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். விமானம் ஏற மருத்துவர் விடவில்லையாம்.

"நீ வருவேன்னு மேல் ரூம காலியா வச்சிருந்தேன், தேவகி."

அவள் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"சாப்டீங்களா மச்சான்?" என்று கேட்டேன்.