கல் தூக்க விடாத விருந்து

ஓமானில், சலாலாவில் எனக்கு ஒரு ஹார்டுவேர் கடை. சிமெண்ட், கம்பி, ஆணி, பெயின்ட் எல்லாம் விற்பேன். மலையில் ஒட்டகம் வளர்க்கும் ஒருவர் கையுறை வாங்க வந்தபோது எதற்கு என்று கேட்டேன். அவர்கள் சரிவிலுள்ள அத்தி மரங்களெல்லாம் கிழடாகிவிட்டனவாம். முளைக்கிற கன்றை ஒட்டகங்கள் விட்டுவைப்பதில்லை. அதனால் கன்றுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்புகிறார்களாம். அரபி அல்லாத பழைய பாஷை ஒன்று அந்த மலைக்காரர்களுக்கு உண்டு.

"நாங்க கூடிப் பேசறது, வழக்குத் தீர்க்கறது, பாட்டுக் கட்டறது எல்லாம் அத்தி நிழல்லதான். மரம் போச்சுன்னா உட்கார எடமில்ல. அப்புறம் எங்க பாஷையை எவன் பேசுவான்?" என்று அரபியில் கேட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் விற்றுத்தான் இருக்கிறேன், ஒரு செடியும் வளர்த்ததில்லை. அது அன்று உறுத்தியது.

சாரல் மாதங்களில் மலை வழுக்கும். ஒட்டகங்களைக் கீழே சமவெளிக்கு இறக்கிவிடுவார்கள். சாரல் ஓய்ந்ததும் மந்தைகள் மொத்தமாக ஏறிவரும். அதற்குள் சுவர் முடிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கன்று ஒன்றுகூட மிஞ்சாது.

முதல் வெள்ளி, போனதும் ஒரு கல்லைத் தூக்கினேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "நீ விருந்தாளி. உட்காரு." பாய் விரித்தார்கள். டீ வந்தது, ஒட்டகப் பால் வந்தது, சுட்ட கல்லில் வாட்டிய இறைச்சி வந்தது. அவர்கள் மூடுபனியில் நனைந்தபடி சுவர் கட்ட, நான் மென்றுகொண்டிருந்தேன். அடுத்த வெள்ளியும் அதே பாய், அதே இறைச்சி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் கணக்கு. அங்கே அந்தக் கணக்குச் செல்லாது.

"மலைக்கு வேலைக்குப் போறியளா, விருந்துக்குப் போறியளா? சட்டை பட்டன் மாட்ட மாட்டேங்குது" என்றாள் மனைவி.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தண்டச்சோறு தின்று எனக்குப் பழக்கமில்லை. சத்தம் போட்டுப் பார்த்தேன். சிரித்துவிட்டு இன்னொரு துண்டு வைத்தார்கள்.

கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. விருந்து வைப்பவன் எப்படி விருந்தாளி ஆவான்? அடுத்த வெள்ளி, எங்கள் ஊர்க் கல்யாணத்தில் செய்கிற நெய்ச்சோறும் களறிக் கறியும் அண்டா நிறைய ஆக்கச் சொல்லி வண்டியில் ஏற்றினேன். சஹன் என்கிற பெரிய தட்டுகளில் பரிமாறினேன். சஹனுக்கு நாலு பேராக உட்கார்ந்து வழித்துச் சாப்பிட்டார்கள். சுவரில் ஓர் ஒட்டகம் தாராளமாக நுழைகிற அளவுக்கு இடைவெளி மட்டும் பாக்கி. இனி வேலைதான் என்று எழுந்தேன்.

அவர் சாவகாசமாகக் கை கழுவினார். "இன்னைக்கு நாங்க விருந்தாளி. விருந்தாளி வேலை செய்யறதில்ல" என்று பாயில் சாய்ந்தார். மற்றவர்களும் சாய்ந்தார்கள். நான் தனியாகக் கல் பக்கம் போனேன். "விருந்தாளிங்களை விட்டுட்டு வீட்டுக்காரன் எங்க போறான்?" என்று இழுத்து உட்காரவைத்தார்கள். அன்று ஒரு கல்கூட ஏறவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

மறுநாள் காலை மலை பளிச்சென்று தெரிந்தது. கடை திறந்த கையோடு அவர் போன் செய்தார். "பனி விலகிடுச்சு. மந்தை கிளம்பிடுச்சு." ஷட்டரை இழுத்துவிட்டு வண்டியை மேலே விரட்டினேன். முழங்கால் உயரக் கன்றுகள்தான் கண்ணில் நின்றன. உண்மையிலேயே பயந்தேன்.

நான் போய்ச் சேரும்போது மேய்ப்பவர்களின் பாட்டு கீழ் வளைவில் கேட்டது. மற்றவர்கள் மந்தையோடு இருக்க, இடைவெளியில் அவரோடு சேர்த்து மூன்றே பேர் மூச்சு வாங்கக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பழக்க தோஷம், நான் பாய் போடுகிற இடத்தில் போய் நின்றேன்.

அவர் திரும்பிப் பார்த்துக் கத்தினார். "என்ன வேடிக்கை பாக்கற? கையில மருதாணியா? யல்லா, கல்லை எடு!"

எடுத்தேன். கோணலாக வைத்தேன் என்று ஒருவர் திட்டினார். எடுத்துத் திருப்பி வைத்தேன். விரல் நசுங்கியது, யாரும் கண்டுகொள்ளவில்லை. மேல் கல் உட்காரும்போது முன்னால் வந்த ஒட்டகத்தின் மூச்சு என் காதில் பட்டது. அது சுவருக்கு மேல் கழுத்தை நீட்டிப் பார்த்தது. கன்று எட்டவில்லை. ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு மந்தையோடு நடந்தது.

"கலாஸ், முடிஞ்சுது" என்று அவர் தரையில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "கெட்டில் அங்க இருக்கு. எல்லாருக்கும் ஊத்து" என்றார்.

ஊற்றினேன். அங்கே முதல் கோப்பை எப்போதும் விருந்தாளிக்கு. ஊற்றுகிறவன் கடைசியில்தான் குடிக்க வேண்டும். என் முறை வந்தபோது கெட்டிலில் டீ இல்லை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அந்த ஊரில் அதற்கு முன் வந்ததில்லை.

இறங்கும் வழியில் மனைவி போன் செய்தாள். "இன்னைக்கு என்ன விருந்து வச்சாங்க?"

"மாஃபி, ஒண்ணுமில்ல. ஒரு வாய் டீ கூடத் தரல" என்றேன் பெருமையாக.