ஐந்து உலக்கைகளும் ஒரு கையும்

போன மாசியில் ஒரு பின்னேரம். தென் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து, சட்டன் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பஸ் வந்தது. ஏற மனமில்லை. ஆஸ்பத்திரிக்குள்ளே, என்னோடு வேலை செய்யும் மன்னார் அண்ணையின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பாரிஸில் கோப்பை கழுவி, சுவிஸில் பெயின்ட் அடித்து, இங்கே வந்து சேர்ந்தவன். பழைய இயந்திரங்களைத் திருத்திக் காட்சிக்கு அனுப்பும் பட்டறையில் என்னைச் சேர்த்துவிட்டவரே அந்த அண்ணைதான்.

அன்று காலை, கோர்ன்வால் சுரங்கமொன்றிலிருந்து வந்த இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தோம். வெள்ளீயக் கல்லை இடித்துத் தூளாக்குவது. ஐந்து மரத்தூண்கள், ஒவ்வொன்றின் அடியிலும் இரும்புக் குண்டு. உருளை சுழல, அவை எழும்பிப் பெட்டிக்குள் கிடக்கும் கல்லின் மேல் விழும்.

"பார் தம்பி, அஞ்சு மாமியார் சேர்ந்து மா இடிக்கினம்," என்றார் அண்ணை.

ஓரம் ஒதுங்கும் கல்லைத் தள்ள முதலாளி நீளக் கம்பு தந்திருந்தார். அண்ணை அதைச் சுவரில் சாத்திவிட்டார்.

"கம்பை எடுங்கோ அண்ணை."

"விசரா, உரலுக்குள்ளை ஆராவது கம்பு விட்டுத் தள்ளுவினமோ? உலக்கை எழும்பேக்கை கையாலை தள்ளிப்போட்டு எடுக்கிறதுதானே. சின்னனிலை இருந்து செய்யிறன்."

இரண்டு தடவை சரியாகத்தான் எடுத்தார். ஆனால் இந்தத் தூண்கள் வரிசைப்படி விழுவதில்லை. அடுத்த தடவை, எழும்பிய தூணில் கண்ணை வைத்துக் கையை விட்டார். பக்கத்துத் தூண் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் சாப்பாடு வந்தபோது, சிலுவை போட வலது கையை நெற்றிக்குத் தூக்கினார். கட்டுத்தான் நெற்றியில் பட்டது. கையைக் கீழே விட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாப்பிடுங்கோ அண்ணை."

"எனக்கு ஏலாது. நீ போ தம்பி."

வழியில் முதலாளி போன் எடுத்தார். இயந்திரத்தைக் கழுவிக் கழற்ற ஆள் வேண்டும், காலையில் வர முடியுமா என்று கேட்டார். ஓம் என்றேன். நான் மாட்டேன் என்றால் வேறு யாரோ ஒருவன் எப்படியும் வரத்தான் போகிறான்.

மறுநாள் காலை ஐந்து தூண்களும் முட்டுக்கொடுத்து மேலே நின்றன. பெட்டிக்குள் கல்லும் காய்ந்த இரத்தமும் கிடந்தன. தண்ணீரை ஊற்றினேன். கல்லை ஒதுக்க முதலில் உள்ளே போனது என் வெறுங்கைதான். கம்பு அவர் சாத்திய இடத்திலேயே நின்றது. தெரியாத வேலையில் பயமாவது கூட நிற்கும், தெரிந்த வேலையில் அதுவும் கூட வராது என்பதை நனைந்த அந்தக் கையைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன்.